கச்சான் சரையாய்ப் போன ஆறு அத்தியாயங்கள்

மல்லாவியில் இருந்து ஒரு பிள்ளை எழுதிக் கேட்டிருக்கிறார்:

“ரீச்சர், உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். தொலைபேசியில் படத்தின் துண்டுக் காட்சிகளைப் பார்த்த ஆசையில் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ நாவலை எடுத்தேன். ஐம்பது பக்கம் தாண்டிவிட்டேன். தேநீர் குடிக்கிறார்கள், நடனம் ஆடுகிறார்கள், யாருக்கு எவ்வளவு வருமானம் என்று கதைக்கிறார்கள். காதலைக் காணவில்லை. இருநூறு வருடம் கழிந்த பிறகும் இதை ஏன் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்? அம்மாவும் ‘என்ன கதை அது’ என்று கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.”

பிள்ளை, வருமானம் கதைக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறீரே, அந்த நூலைத்தான் பிடித்துக்கொண்டு போகவேண்டும். அதற்கு முன்னர் நான் இந்தப் புத்தகத்தை வாசித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அது ஒழுங்கான வாசிப்பு இல்லை. ஆனால் உமது கேள்விக்கு அதில் இருந்துதான் பதில் சொல்ல முடியும்.

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து உமது ஊர்ப்பக்கம்தான் வந்திருந்தோம். கொட்டிலில் பள்ளிக்கூடம். ஒருநாள் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த கடையில் கச்சான் வாங்கினேன். கடைக்கார ஐயா ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் தாள் கிழித்துச் சரை சுற்றித் தந்தார். கச்சானைத் தின்றுகொண்டு சரையை வாசித்தேன். திரும்பிப் போய், எழுதி முடிந்த அப்பியாசக் கொப்பிகளில் ஒரு கட்டைக் கொடுத்து மிச்சப் புத்தகத்தை வாங்கிவந்தேன். அட்டை இல்லை, புத்தகத்தின் பெயரும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. முதல் ஆறு அத்தியாயங்களும் ஏழாவதில் பாதியும் ஏற்கெனவே ஊராரோடு போய்விட்டன. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுகிற அந்த முதல் வசனத்தில் யாரோ அரைக் கொத்துக் கச்சான் கட்டிக்கொண்டு போயிருப்பார்.

அப்போது மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரிப்போம். அந்த வெளிச்சத்தில் ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று கணக்கு வைத்தேன். ஆஸ்டினின் அத்தியாயங்கள் சின்னவை. அந்த விளக்குக்கு அளந்து எழுதியவைபோல இருந்தன.

என் புத்தகம் தொடங்கிய இடம் இது: அக்கா ஒருத்தி மழையில் நனைந்து, போன வீட்டில் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டாள். தங்கை எலிசபெத் அவளைப் பார்க்க மூன்று மைல் நடக்கிறாள். வயல், வேலி, சேறு எல்லாம் தாண்டி, பாவாடையில் ஆறு அங்குலத்துக்குச் சேற்றோடு அந்தப் பணக்கார வீட்டுக்குள் நுழைகிறாள். அங்கே இருக்கும் பெண்கள் அவளுடைய சேற்றைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். “இப்போது அவளுடைய அழகான கண்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று டார்சி என்ற மனிதனைச் சீண்டுகிறார்கள். நடந்துவந்ததில் அந்தக் கண்கள் இன்னும் ஒளி பெற்றிருக்கின்றன என்று அவன் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறான். மாரியில் மல்லாவி வீதியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? டார்சியை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

பிறகு எனக்குக் குழப்பம் தொடங்கியது. எலிசபெத் அவன் வாய் திறந்தாலே குத்துகிறாள். அவன் அதிகம் கதைக்காதவன், கொஞ்சம் விறைப்பானவன், அவ்வளவுதானே என்று எனக்குப் பட்டது. விக்கம் என்று ஒருவன் வருகிறான். படையணியைச் சேர்ந்தவன், அழகன், தேன் ஒழுகப் பேசுகிறவன். அறிமுகமாகி அடுத்த சந்திப்பிலேயே, டார்சி தன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்று எலிசபெத்திடம் முழுக்கதையும் சொல்கிறான். எனக்கு அவனை ஒருதுளியும் பிடிக்கவில்லை. அவள் ஏன் இவனை நம்புகிறாள், அவனை ஏன் வெறுக்கிறாள்? 34ஆம் அத்தியாயத்தில் டார்சி கலியாணம் கேட்கும்போது, “உங்களைக் கண்ட முதற்கணத்தில் இருந்தே” என்று தொடங்கி அவள் அவனைக் கிழிக்கிறாள். அந்த முதற்கணம் என் புத்தகத்தில் இல்லை!

2002இல் ஏ9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணம் போனபோது முழுப்புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது அந்தக் கணம். நடன மண்டபம். எலிசபெத்துக்குச் சோடி கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு ஆடச்சொல்லி நண்பன் பிங்லி கேட்கிறான். அவள் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு டார்சி சொல்கிறான்: பரவாயில்லை, ஆனால் நான் மயங்கும் அளவுக்கு அழகில்லை, மற்ற ஆண்கள் ஒதுக்கிவிட்ட பெண்களுக்கு மரியாதை கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை. வாசித்தவுடன் எனக்குக் கன்னம் சுட்டது. ஆறு வருடமாக நல்லவன் என்று வைத்திருந்த மனிதன்மேல் ஒரு வசனத்தில் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடு முழுவதையும் மறுபடி வாசித்தேன். இம்முறை விக்கம் எனக்கு நல்லவனாகத் தெரிந்தான். அவன் யார் என்று எனக்குத் தெரியும், கடைசிவரை வாசித்து முடித்தவள் நான், அப்படியிருந்தும்.

ஆஸ்டின் இந்த நாவலின் முதல் வடிவத்தை 1796க்கும் 1797க்கும் இடையில் எழுதியபோது அதற்கு வைத்திருந்த பெயர் ‘முதல் மனப்பதிவுகள்’ என்று தமிழில் வரும். அப்போது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்று. தகப்பனார் லண்டனில் ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலே மறுத்துவிட்டார்கள். திருத்தி, பெயர் மாற்றி, 1813 ஜனவரி 28ஆம் திகதி மூன்று பாகங்களாக வெளிவந்தது. அட்டையில் அவருடைய பெயர் இல்லை. முந்திய நாவலைச் சொல்லி, அதை எழுதியவர் என்று மட்டும் போட்டிருந்தார்கள். உரிமையை 110 பவுணுக்கு விற்றுவிட்டார். அவர் கேட்டது 150. நான் இதைச் சொல்வது அந்த முதற்பெயருக்காக. நீர் வாசித்து முடித்த ஐம்பது பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர். நடந்திருக்கிறது பிள்ளை, உமக்குள்தான் நடந்திருக்கிறது. டார்சி செருக்குப் பிடித்தவன், எலிசபெத் கெட்டிக்காரி, விக்கம் பாவம் என்று முடிவு எடுத்துவிட்டீரா இல்லையா? அந்த முடிவை நீர் எடுக்கவேண்டும் என்றே அந்த நடன மண்டபத்தில் உம்மையும் ஒரு கதிரையில் இருத்தி, அந்த அவமானத்தை உம்முடைய காதிலும் விழுத்தியிருக்கிறார். என் காதில் விழவில்லை. கச்சான் என்னைக் காப்பாற்றிவிட்டது.

இனி வருமானக் கதைக்கு வருகிறேன்.

வெளியூரில் வாசிக்கிற இன்றைய பிள்ளைகளுக்கு இந்த நாவலின் காணி விவகாரம் அடிக்குறிப்பு இல்லாமல் விளங்காது. எலிசபெத் பிறந்த பென்னட் வீட்டில் ஐந்தும் பெண்கள். லோங்போர்ன் காணி வருடத்துக்கு 2,000 பவுண் வருமானம் தருகிறது. ஆனால் அந்தக் காணி ஆண்வழிக்கு மட்டும் என்று கட்டுப்போட்டது. தகப்பன் கண்ணை மூடினால், முன்பின் கண்டிராத தூரத்துச் சொந்தக்காரர் கொலின்ஸ் வந்து திறப்பை வாங்கிக்கொள்வார். பென்னட் கலியாணம் கட்டிய காலத்தில் ஒரு சதமும் சேர்த்து வைக்கவில்லை. மகன் பிறப்பான், வயது வந்ததும் அவனும் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கட்டை உடைத்துவிடலாம் என்று இருந்தார்கள். மகனைக் காணவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருத்திக்கும் தாயின் காலத்துக்குப் பிறகு கிடைக்கக்கூடியது 1,000 பவுண், 4 சதவீத வட்டியில். வருடத்துக்கு 40 பவுண். இந்தக் கணக்கை எலிசபெத்திடம் சொல்வது யார் தெரியுமா? கொலின்ஸ், அவளிடம் கலியாணம் கேட்கும் அதே பேச்சில்! பவுண் என்றால் எங்கள் ஊரில் நகை அல்லவா, வாசிப்பு வட்டத்தில் ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, “ஆயிரம் பவுண் போட்டும் மாப்பிள்ளை இல்லையா?” என்று வாயைப் பிளந்தது. சிரித்து முடிந்தபின் விளங்கப்படுத்தினேன்.

எங்களுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம், வழிவழி வந்தது முதுசம், மகளுக்குக் கொடுப்பது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடியது தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த வழக்கில் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகப் போகும். பென்னட் வீட்டுப் பிள்ளைகள் சாவகச்சேரியில் பிறந்திருந்தால் மூத்தவள் ஜேனுக்கு அந்த வீட்டையே எழுதியிருப்பார்கள், கடைசிப் பிள்ளையின் முறை வரும்போது ஒன்றும் மிஞ்சியிராது. அது வேறு கதை. ஆனால் வன்னியில் நாங்கள் குந்தியிருக்கிற குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்தவை. பின்னுரித்தாளர் என்று ஒருவரையும் பதிந்து வைக்காமல் பெர்மிட்காரர் இறந்துவிட்டால், அவருடைய மனைவியின் ஆயுளுக்குப் பிறகு காணி யாருக்கு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை ஒன்று சொன்னது. முதலில் மகன்மார், அதிலும் மூத்தவர். மகள்மார் அதற்கு அடுத்த படியில். மகனே இல்லாத வீட்டில் மகளுக்கு வரும் என்பதால் லோங்போர்ன் அளவுக்குக் கொடுமை இல்லை. ஆனால் தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்த அக்காவைத் தாண்டி, எங்கேயோ இருக்கிற தம்பிக்குக் காணி போகும். 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தும்வரை நிலை இதுதான். பெர்மிட்டில் பெயர் மாற்ற அலைந்த ஒரு பெண்பிள்ளை உமது ஒழுங்கையிலேயே இருப்பாள். அவளிடம் கொலின்ஸ் யார் என்று இரண்டு வசனத்தில் சொல்லிப் பாரும், மிச்சத்தை அவள் சொல்வாள்.

இதைப் பிடித்துக்கொண்டால் முதல் வசனம் திறந்துவிடும். சொத்துள்ள தனிக்கட்டை ஆணுக்கு மனைவி தேவை என்பது உலகறிந்த உண்மை என்று ஆஸ்டின் தொடங்குகிறார். கனடாவில் இருந்து ஒரு பெடியன் தருமபுரத்துக்கு வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளும். அவன் தாயின் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கலாம். பின்னேரத்துக்குள் தரகர் சாதகம் கேட்டுப் போய்விடுவார். தேவை அவனுக்கா, ஊருக்கா? அவ்வளவுதான் அந்த வசனத்தின் நகைச்சுவை. பிங்லி வருடத்துக்கு நான்காயிரமோ ஐயாயிரமோ உள்ளவன், டார்சி பத்தாயிரம். டார்சி மண்டபத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடத்துக்குள் அந்தத் தொகை சபை முழுக்கச் சுற்றிவிடுகிறது.

இந்தப் புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் டார்சி இல்லை, சார்லட். எலிசபெத்தின் சிநேகிதி, வயது 27, அழகி இல்லை, சீதனமும் பெரிதாக இல்லை. எலிசபெத் வேண்டாம் என்று சொன்ன கொலின்ஸை, மூன்று நாள் இடைவெளியில் சார்லட் சம்மதிக்கிறாள். தான் காதல் கற்பனை உள்ளவள் இல்லை, தனக்கு வசதியாக ஒரு வீடு போதும் என்று சொல்கிறாள். எலிசபெத்துக்கு அது அதிர்ச்சி. கிளிநொச்சியில் சில வருடம் சனிக்கிழமைகளில் நாங்கள் நடத்திய வாசிப்பு வட்டத்தில் இந்த அத்தியாயத்துக்கு இரண்டு கிழமை எடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் எலிசபெத் பக்கம். தையல் நிலையத்தில் வேலை செய்துவந்த, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் மட்டும், “அந்தப் பிள்ளை செய்தது சரி. தனிய இருந்து பார்த்தால் தெரியும்” என்று சொல்லிவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் சார்லட்டைக் குறை சொல்லவில்லை.

ஆஸ்டின் சார்லட்டைத் தண்டிக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. பிறகு எலிசபெத் அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சில கிழமைகள் நிற்கிறாள். சார்லட் தான் இருப்பதற்குப் பின்பக்கத்துச் சின்ன அறையை எடுத்திருக்கிறாள். இதைவிடப் பெரிய, நல்ல காட்சியுள்ள சாப்பாட்டு அறை இருக்க, இவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று எலிசபெத் முதலில் யோசிக்கிறாள். வீதி தெரிகிற அறை கணவனுக்கு. யார் போகிறார்கள், எந்த வண்டி வருகிறது என்று அவர் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்; பின்னறைக்கு அடிக்கடி வரமாட்டார். தோட்டவேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அதற்கும் அவரை அனுப்பிவைக்கிறாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, ஓர் அறை ஒழுங்கு மட்டும். எனக்குத் தெரிந்த எத்தனையோ குசினிகள் அந்தப் பின்னறைதான். காதல் நாவல் என்று நீர் எடுத்த புத்தகம், காதல் இல்லாத ஒரு கலியாணத்தை இவ்வளவு மரியாதையோடு பார்க்கிறது. அப்படிப் பார்த்ததனால்தான் மற்றக் காதலை நான் நம்புகிறேன்.

சரி, காதல் எங்கே? ஒரு கடிதத்தில் இருக்கிறது.

34ஆம் அத்தியாயத்தில் டார்சி கேட்கிறான், மகா மோசமாகக் கேட்கிறான்: உன் குடும்பம் தரம் குறைந்தது, எவ்வளவோ போராடிப் பார்த்தேன், முடியவில்லை, உன்னை விரும்புகிறேன் என்று. அவள் மறுக்கிறாள். அடுத்த நாள் காலை வழியில் நின்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். இரண்டு தாள், நெருக்கி நெருக்கி எழுதியது, சுற்றிய உறைத்தாளும் நிரம்பியிருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்த நீலநிற விமானக் கடிதங்களை உமது அம்மா கண்டிருப்பார். ஓரம், மடிப்பு, பசை ஒட்டும் இடம் எல்லாம் எழுத்தாக இருக்கும். நான் 36ஆம் அத்தியாயத்தை வாசிக்கும்போது அந்தக் கடிதங்களின் நினைவுதான் வந்தது. ஒரு கடிதத்தை எத்தனை தடவை வாசிப்போம்! முதல் தடவை வேகமாக, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்க. இரண்டாவது தடவைதான் வாசிப்பு.

எலிசபெத்தும் அப்படித்தான் செய்கிறாள். முதலில் கோபத்தோடு ஓட்டமாக வாசித்து, பொய் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம் ஆகவில்லை, மறுபடி விரிக்கிறாள். விக்கம் சொன்ன கதையை மறுத்து டார்சி எழுதிய பகுதியை வசனம் வசனமாக நிறுத்துப் பார்க்கிறாள். அவன் அன்று தன்னிடம் சொன்னதை நினைவுக்குக் கொண்டுவருகிறாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அவ்வளவும் சொன்னது முறையா? டார்சிக்குப் பயந்து ஒதுங்கமாட்டேன் என்றவன் அடுத்த கிழமை நடன விருந்துக்கு ஏன் வரவில்லை? டார்சி ஊரில் இருந்தவரை இரகசியமாக இருந்த கதை, அவன் போனதும் ஊர்க்கதையானது எப்படி? எல்லாம் அவள் கண்முன்னே நடந்தவை. நீரும் பார்த்தவை. இரண்டு மணித்தியாலம் அந்த ஒழுங்கையில் நடக்கிறாள். இந்தக் கணம்வரை என்னையே நான் அறிந்திருக்கவில்லை என்று அவள் நினைக்கிறாள். டார்சி அங்கே இல்லை. ஒரு பெண்ணும் ஒரு கடதாசியும் மட்டும். எனக்குத் தெரிந்தவரை இந்த நாவலின் காதல்காட்சி இதுதான். அவள் அந்த இடத்தில் அவனைக் காதலிக்கத் தொடங்கவில்லை, அதையும் கவனியும். தான் பிழை என்று ஒத்துக்கொள்ளத் தொடங்குகிறாள். மறுபுறத்தில் டார்சியும் தன் பேச்சை நினைத்துக் கூசிக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரியவரும். இன்றைக்கு ஒருவர் தான் எழுதியதைப் பிழை என்று சொல்வதைக் காண்பது எவ்வளவு அரிது என்று உமக்குத் தெரியும், உமது தலைமுறைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நீர் தொலைபேசியில் பார்த்த காட்சிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2005ஆம் ஆண்டுப் படத்தில் டார்சி அவளை வண்டியில் ஏற்றிவிட்டு நடந்துபோகும்போது விரல்களை விரிப்பானே, அது நாவலில் இல்லை. அவன் மழையில் நனைந்துகொண்டு கலியாணம் கேட்பதும் இல்லை. நாவலில் அது கொலின்ஸ் வீட்டு அறைக்குள் நடக்கிறது. 1995ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில் குளத்தில் குளித்து ஈரச்சட்டையோடு வருவதும் இல்லை. கடைசியில் அவள் சம்மதம் சொல்லும் இடத்தில்கூட அவளுடைய வாய்ச்சொல்லை ஆஸ்டின் தரவில்லை, சம்மதித்தாள் என்று தன் வாயால் சொல்லி நகர்ந்துவிடுகிறார். முத்தம் எதுவும் இல்லை. படம் எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டாம் முறை கடிதம் வாசிப்பதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்? தமிழுக்கும் ஆஸ்டின் வந்தார், 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆக. அது அவருடைய வேறொரு நாவலின் தழுவல். வீட்டை இழந்த அக்கா தங்கையின் கதை என்பதால் எங்கள் ஆட்களுக்கு அது அந்நியமாகவே படவில்லை.

லிடியா ஓடிப்போகும் பகுதியை நான் விளக்கப்போவதில்லை. கடைசித் தங்கை விக்கமோடு போய்விட, மற்ற நான்கு பேருக்கும் இனிக் கலியாணம் இல்லை என்று வீடு உறைந்துபோகிறது. அவள் செத்திருந்தால் நல்லது என்று கொலின்ஸ் ஆறுதல் கடிதம் எழுதுகிறார். எங்கள் ஊரில் வாயால் சொல்வதை அவர் எழுதினார். ஆனால் அந்தப் படையணி ஏன் அந்த ஊருக்குள் இருந்தது என்று ஒருதரம் யோசியும். 1793இல் இருந்து 1815வரை, சிறு இடைவெளி தவிர, பிரித்தானியா பிரான்சோடு போரில் இருந்தது. 1943இல் நிமோனியாவில் படுத்திருந்த சேர்ச்சிலுக்கு அவருடைய மகள் இந்த நாவலை வாசித்துக் காட்டினார். போரைப் பற்றிய கவலையே இல்லாமல் எவ்வளவு அமைதியாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று அவர் பின்னர் எழுதினார். நான் அவரோடு உடன்படமாட்டேன். சந்தியில் சீருடை நிற்கும், பிள்ளைகளைத் தனியே கடைக்கு அனுப்பத் தாய் யோசிப்பார், முகாம் இடம் மாறினால் ஊரின் பேச்சே மாறும். பீரங்கிச் சத்தத்தை எழுதாவிட்டாலும் இவ்வளவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

கடைசிப் பகுதிக்கு நீர் வரும்போது ஒன்றை நினைவில் வைத்திரும். எங்கள் அகப்பாட்டில் அலர் என்று ஒன்று உண்டே, பாடத்தில் படித்திருப்பீர். இருவருக்கும் இடையில் இருப்பது ஊர்வாயில் விழுந்து பரவும். அந்தப் பழிப்பேச்சே கலியாணத்தை விரைவாக்கும். டார்சியின் மாமி லேடி கேத்தரின் அப்படி ஒரு வதந்தியைக் கேட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு எலிசபெத்திடம் வருகிறார். அவனைக் கட்டமாட்டேன் என்று சத்தியம் செய் என்கிறார். செய்யமாட்டேன் என்கிறாள். அந்த மறுப்பை மாமியே போய் டார்சியிடம் கொட்டுகிறார். அப்போதுதான் அவனுக்கு நம்பிக்கை வருகிறது. தடுக்க வந்த வாய்தான் சேர்த்துவைத்தது. இதை நான் வாசித்தபோது, ஆஸ்டினுக்கு யாரோ சங்கப்பாட்டுச் சொல்லிக்கொடுத்ததுபோல இருந்தது.

குறை இல்லாத புத்தகம் என்று நினைத்துவிடாதேயும். ஆஸ்டினுக்குப் பின்வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லட் புரொன்டி 1848இல் ஒரு கடிதத்தில் இதை வேலி போட்ட, நன்றாகப் பேணிய தோட்டம் என்று எழுதினார், பாராட்டாக எழுதவில்லை. திறந்தவெளியும் காற்றும் இல்லை என்பது அவருடைய குறை. எனக்கு இருக்கிற குறை வேறு. விருந்துக்கு முந்திய நாட்கள் எல்லாம் மழை, பெண்கள் வெளியே போக முடியவில்லை, சப்பாத்தில் வைக்கும் அலங்காரப் பூவைக்கூட ஆள் அனுப்பித்தான் வாங்க வேண்டியிருந்தது என்று ஓரிடத்தில் வரும். எங்கள் வட்டத்தில் இருந்த ஒரு பிள்ளை, அதன் அம்மா நாட்கூலிக்குப் போகிறவர், புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமல், “அந்த மழைக்குள் யார் போனது?” என்று கேட்டது. தேடிப் பார்த்தோம். ஆஸ்டின் சொல்லவில்லை. எலிசபெத்தின் சேற்றுக்கு ஓர் அத்தியாயம், அந்த ஆளின் சேற்றுக்கு அரை வசனம்.

எப்படி வாசிப்பது என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர். மொத்தம் 61 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று என்று வைத்தால், காலபோகத்துக்கு விதைத்து அறுவடை வருமுன்னரே ஒருதரம் முடித்து மறுதரத்துக்கும் போய்விடலாம். அகராதியை ஒவ்வொரு சொல்லுக்கும் புரட்டவேண்டாம். யார் யாரோடு பேசுகிறார், கேட்டுக்கொண்டு நிற்பது யார் என்று மட்டும் பாரும். 36ஐ முடித்த அன்று மேலே போகாமல், விக்கம் முதன்முதல் மனம்விட்டுக் கதைக்கும் 16ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போம். அங்கே நீர் தலையாட்டிக்கொண்டு வாசித்த வசனங்களைத் தேடிப் பிடித்துப் பென்சிலால் கீறும். எனக்கு ஒன்பது கீறல் விழுந்தது.

அம்மாவுக்கு முதலாம் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக் காட்டும். இரண்டு மூன்று பக்கம்தான், கணவனும் மனைவியும் கதைப்பது. மனைவி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், “மிஸ்டர் பென்னட்” என்பார். அதை “இஞ்சாருங்கோ” என்று மாற்றிவிட்டால் அம்மாவுக்கு வீடு பழகிவிடும். ஐந்து பெண்பிள்ளைகளின் தகப்பன் பகிடி விட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறார். தாய் பக்கத்து வீட்டுக்கு வரப்போகிற மாப்பிள்ளையைப் பற்றிப் பதறுகிறார். உலகத்தில் வாசித்தவர்கள் எல்லாரும் அந்தத் தகப்பனோடு சேர்ந்து தாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தவள்தான். காணி யாருக்குப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, உமது அம்மா யார் பக்கம் நிற்கிறார் என்று எனக்கு எழுதும்.